வங்கிச் சட்டம் படிப்பது எப்படி: சட்டக் கல்லூரி மாணவருக்கு முழுமையான வழிகாட்டி

வங்கிச் சட்டம் என்ற பெயரில் பாடம் இருக்கிறது, அந்தப் பெயரில் ஒரே சட்டம் கிடையாது. பாடத்திட்டத்தைத் திறந்தால் 1881இன் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1934இன் ரிசர்வ் வங்கிச் சட்டம், 1949இன் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1993இன் கடன் மீட்புச் சட்டம், 2002இன் சர்ஃபேசி (வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வழிசெய்யும் சட்டம்), 2016இன் திவால் சட்டம் என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்துக்காகப் பிறந்தவை வரிசையாக நிற்கும். அவற்றுக்கு அடியில் ஒப்பந்தச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம், காலவரையறைச் சட்டம் மூன்றும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இதையெல்லாம் அலகு அலகாக மனப்பாடம் செய்தவர் பிரிவு எண்களைச் சரியாக எழுதிவிடுவார். "தம்பி வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்ட அண்ணன் வீட்டை வங்கி முதலில் ஏலம் விடலாமா?" என்று கேட்டால் எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்று தெரியாமல் விழிப்பார்.

ஒரு கடன் பிறந்து, வாராக்கடனாகி, வசூலாகும் வரை எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில் பாடத்தை அடுக்கிப் படிப்பதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. இந்தியச் சட்டம்தான் பேசுபொருள். உதாரணங்களில் தமிழ்நாடு அதிகம் வரும்.

எந்தப் படிப்பில் சேர்வது

இளநிலைச் சட்டப் படிப்பு இரண்டு வகை. பிளஸ் டூ முடித்தவருக்கு ஐந்தாண்டு, பட்டதாரிக்கு மூன்றாண்டு. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள கல்லூரிகளும் ஒரு வழி. கிளாட் என்ற தேசிய சட்ட நுழைவுத் தேர்வு எழுதி திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர்வது இன்னொரு வழி. இளநிலையில் வங்கிச் சட்டம் பெரும்பாலும் ஒரே ஒரு தாள்தான், சில இடங்களில் விருப்பத் தாள். அதனால் இளநிலைக் கல்லூரியை வங்கிச் சட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒப்பந்தச் சட்டமும் சொத்துச் சட்டமும் நன்றாக நடத்தப்படும் இடமாக இருந்தால் போதும், மற்றதை நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

முதுநிலையில்தான் தேர்வு முக்கியமாகிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். பெரும்பாலும் ஓராண்டு, அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு, வணிகச் சட்டம் தனிப் பிரிவாக உண்டு. சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். திவால் சட்டம், பங்குச்சந்தை ஒழுங்குமுறை, அந்நியச் செலாவணி ஆகிய மூன்றுக்கும் தனித் தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் அந்தப் படிப்பின் கனம் தெரிந்துவிடும்.

முதல் நாலு வாரம்: பழைய மூன்று சட்டங்கள்

வங்கிச் சட்டத்தைத் தொடாமல் தொடங்குங்கள். 1872இன் ஒப்பந்தச் சட்டத்தில் 124 முதல் 147 வரை ஈட்டுறுதியும் ஜாமீனும், 148 முதல் 181 வரை ஒப்படைப்பும் அடகும். மொத்தம் அறுபது பிரிவுகூட வராது. வங்கி வழக்குகளில் ஜாமீன் பற்றி வரும் சண்டைகளில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும்.

128ஆம் பிரிவை முதலில் எடுங்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய. "முதலில் கடன்காரனிடம் கேள், பிறகு என்னிடம் வா" என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது என்பதை பாங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் (1969) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 133, 135, 139, 141 ஆகிய பிரிவுகள் ஜாமீன்தாரரை விடுவிக்கும் கதவுகள். கடன் நிபந்தனையை அவருக்குத் தெரியாமல் மாற்றினாலோ, அடமானப் பொருளை வங்கியின் கவனக்குறைவால் இழந்தாலோ அவர் பொறுப்பு குறையும் அல்லது நீங்கும். அடகுச் சரக்கை வங்கி கோட்டைவிட்டதற்காக ஜாமீன்தாரர் தப்பித்த ஸ்டேட் பாங்க் ஆஃப் சௌராஷ்டிரா எதிர் சித்ரஞ்சன் ரங்கநாத் ராஜா (1980) தீர்ப்பை முழுமையாக வாசியுங்கள். அடுத்த வேலையாக, வங்கிகள் தரும் ஜாமீன் படிவம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அந்தப் பாதுகாப்புகளை எல்லாம் ஜாமீன்தாரர் விட்டுக்கொடுப்பதாக அதில் வரிவரியாக அச்சடித்திருக்கும். சட்டம் கொடுத்ததைப் படிவம் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று அப்போது தெரியும். வகுப்பில் இதை யாரும் காட்டுவதில்லை.

சொத்து மாற்றுச் சட்டத்தில் 58ஆம் பிரிவு, குறிப்பாக அதன் (எஃப்) உட்பிரிவு: பத்திரங்களை ஒப்படைத்து உண்டாக்கும் அடமானம். வீட்டுக் கடனில் வங்கிகள் அதிகம் கையாளுவது இதுதான். சட்டம் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் நகரங்களையும் அரசு அறிவிக்கும் பிற ஊர்களையும் குறிப்பிடுகிறது. பத்திரம் எந்த ஊரில் ஒப்படைக்கப்பட்டது என்பதே இதில் கேள்வி. சொத்து எந்த ஊரில் இருக்கிறது என்பது அல்ல. தேர்வில் இதை மாற்றி எழுதுபவர்கள் ஏராளம்.

காலவரையறைச் சட்டத்தில் இரண்டு எண்கள்: சாதாரணக் கடனுக்கு மூன்று ஆண்டு, அடமானச் சொத்தின் மீது பணம் வசூலிக்கப் பன்னிரண்டு ஆண்டு. 18ஆம் பிரிவின்படி கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் காலம் புதிதாக ஓடத் தொடங்கும், ஆனால் அந்தக் கையெழுத்து பழைய காலம் முடிவதற்குள் விழுந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு வாங்கிய ஒப்புதல் கடிதத்துக்கு 18ஆம் பிரிவில் உயிர் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 25(3)இன்படி "தருகிறேன்" என்ற எழுத்துபூர்வமான வாக்குறுதியாக இருந்தால் மட்டுமே பிழைக்கும். வங்கி மேலாளர்கள் மூன்றாண்டு நெருங்கும்போது கடனாளியைக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்பதன் காரணம் இதுதான்.

பேர் ஆக்ட் (உரையில்லாத மூலச் சட்டம்) வாசிக்கும் விதம்

வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5(பி) பிரிவை ஒரு தாளில் எழுதி நான்கு துண்டாக உடையுங்கள். பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவது. கடன் கொடுக்கவோ முதலீடு செய்யவோ அதை வாங்குவது. கேட்டபோது அல்லது வேறுவிதமாகத் திருப்பித் தருவது. காசோலை, வரைவோலை, ஆணை போன்றவற்றால் எடுக்கக்கூடியதாக இருப்பது. இப்போது ஒவ்வொரு துண்டாக நீக்கிப் பாருங்கள். ஊர் வட்டிக்காரர் கடன் கொடுக்கிறார், பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதில்லை. ஒரு துணிக்கடை தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிறது, ஆனால் கடன் கொடுப்பதற்காக அல்ல. வைப்பு வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனம்கூடக் கேட்டவுடன் திருப்பித் தரும் வைப்பை ஏற்க முடியாது. இப்படிப் பிரித்த பிறகு வரையறையை மறக்கவே முடியாது.

அடுத்து 6 (செய்யக்கூடிய தொழில்கள்), 8 (சரக்கு வாங்கி விற்கத் தடை), 21, 21ஏ, 22 (உரிமம்), 24, 35, 35ஏ, 35ஏஏ, 45 (தற்காலிகத் தடையும் இணைப்பும்), 45இசட்ஏ (நாமினி நியமனம்). இவ்வளவுதான் உயிர்நாடி. மற்ற பிரிவுகளை ஒருமுறை கண்ணோட்டமாகப் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு பிரிவும் எந்த விபத்துக்குப் பின் வந்தது என்று தேடிப் பாருங்கள், நினைவில் நிற்கும். சென்னையில் 1906இல் ஆர்பத்நாட் நிறுவனம் கவிழ்ந்ததை அடுத்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது; 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அந்த வங்கியை மூடச் சொல்ல ரிசர்வ் வங்கிக்கு இருந்த அதிகாரம் செல்லுமா என்ற கேள்வியே ஜோசப் குருவில்லா வெல்லுக்குன்னேல் வழக்கு (1962). வைப்புக் காப்பீடு 1,500 ரூபாயில் தொடங்கி 1993இல் ஒரு லட்சமாகி 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சமாக இருக்கிறது. இது ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. கிளைக்குக் கிளை தனியாகக் கிடைக்காது.

45ஆம் பிரிவைப் புரிந்துகொள்ள லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளலாம். 1926இல் கரூரில் தொடங்கிய வங்கி. 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டது, நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புதாரர் பணம் தப்பியது, பங்குதாரர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. தற்காலிகத் தடை, இணைப்புத் திட்டம், யாருக்கு என்ன மிஞ்சும் என்ற மூன்றும் ஒரே நிகழ்வில் கிடைக்கின்றன.

45இசட்ஏ பற்றி இரண்டே வரி. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவர், அதன் சொந்தக்காரர் அல்ல. வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். இதை ராம் சந்தர் தல்வார் வழக்கு (2010) உறுதிப்படுத்தியது. 2025ஆம் ஆண்டு திருத்தத்தால் அவ்வாண்டு நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். பழைய பாடநூல்களில் ஒருவர் என்றே இருக்கும்.

சட்டத்துக்கும் மேலாகக் கட்டுப்படுத்தும் சுற்றறிக்கைகள்

வங்கிச் சட்டத்தில் பாதி நாடாளுமன்றம் எழுதியது, மீதி ரிசர்வ் வங்கி எழுதியது. காசோலையை எடுத்துக்கொள்ளுங்கள். காசோலை பணமின்றித் திரும்பினால் குற்றம் என்னும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் ஆறு மாதம் அல்லது செல்லுபடிக் காலம், எது முந்தியதோ அது என்று இருக்கிறது. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் மூன்று மாதம்தான் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் ஆறு மாதம் என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் போகும், அதை நம்பும் கட்சிக்காரருக்கு வழக்கே போகும்.

2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி 9,000க்கும் மேற்பட்ட பழைய சுற்றறிக்கைகளை நீக்கி, நிறுவன வகை வாரியாக 244 தொகுப்பு ஆணைகளாக ஒழுங்குபடுத்தியது. ஆகவே பாடநூலில் உள்ள சுற்றறிக்கை எண்ணை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. ரிசர்வ் வங்கி இணையதளத்தில் வணிக வங்கி, சிறு நிதி வங்கி, கூட்டுறவு வங்கி, வங்கிசாரா நிறுவனம் என்று யாருக்கு எது பொருந்தும் என்பதைப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு ஆணைக்கும் நான்கு விஷயங்களைக் குறித்துவையுங்கள்: தேதி, எந்தப் பிரிவின் அதிகாரத்தில் பிறப்பித்தது, யாரைக் கட்டுப்படுத்தும், எதை நீக்கியது. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு தரணி சுகர்ஸ் எதிர் இந்திய ஒன்றியம் (2019) ஒன்றே போதும். 2018 பிப்ரவரி 12 சுற்றறிக்கை, குறித்த காலத்துக்குள் தீர்வு காணாத பெருங்கடன்களைத் திவால் நடவடிக்கைக்கு அனுப்பச் சொன்னது. 35ஏஏ பிரிவின்படி மத்திய அரசின் அங்கீகாரத்தோடு குறிப்பிட்ட கடன் தவறுதல் விஷயத்தில்தான் அப்படி ஆணையிட முடியும், ஒட்டுமொத்தமாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. கிரிப்டோ தொழிலுக்கு வங்கிச் சேவையை நிறுத்திய 2018 ஏப்ரல் ஆணை 2020 மார்ச் 4 அன்று வேறு காரணத்தால் விழுந்தது. அங்கே ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இருந்தது, ஆனால் நடவடிக்கை அளவுக்கு மீறியது என்றது நீதிமன்றம். இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அதிகாரமே இல்லை", "அதிகாரம் இருந்தும் அளவு மீறியது" என்று தலைப்பிட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதினால் அந்த அலகு முடிந்தது.

மாநிலச் சட்டங்களையும் மறக்க வேண்டாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம், நிதி நிறுவன மோசடிகளுக்காக வந்த 1997ஆம் ஆண்டின் வைப்புதாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் இரண்டும் தமிழ்நாட்டில் அன்றாடம் புழங்குபவை. பின்னது செல்லும் என்று கே.கே. பாஸ்கரன் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிசர்வ் வங்கியில் பதிவான வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்றது நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் (2022). இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்றிய அரசு எங்கே நிற்கிறது, மாநிலம் எங்கே நிற்கிறது என்பது தெளிவாகும்.

138ஆம் பிரிவு: நாட்காட்டியோடு உட்காருங்கள்

காசோலை வழக்கில் தோற்பதற்குப் பெருங்காரணம் சட்டம் தெரியாமை அல்ல, நாள் எண்ணத் தெரியாமை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

காசோலைத் தேதி 2025 ஜனவரி 10. மார்ச் 3 அன்று வங்கியில் போடப்படுகிறது. மூன்று மாதத்துக்குள், சரி. "போதிய பணமில்லை" என்ற குறிப்போடு மார்ச் 5 அன்று திரும்பி வந்த தகவல் கிடைக்கிறது. அந்த நாளை விட்டுவிட்டு முப்பது நாள் எண்ணினால் ஏப்ரல் 4. அதற்குள் எழுத்துபூர்வமான அறிவிப்பு அனுப்ப வேண்டும். மார்ச் 20 அன்று அனுப்பி, மார்ச் 24 அன்று எதிராளி வாங்கினார் என்று கொள்வோம். அவருக்குப் பணம் கட்டப் பதினைந்து நாள். மார்ச் 25 முதல் எண்ணினால் ஏப்ரல் 8 அன்று முடிகிறது. ஏப்ரல் 9 அன்று வழக்குக் காரணம் பிறக்கிறது. அந்த நாளை விட்டு ஒரு மாதம் எண்ண வேண்டும் என்பது எகான் ஆன்ட்ரி தீர்ப்பு (2013). ஆகவே கடைசி நாள் மே 9.

எங்கே தவறுகிறது? ஒன்று, ஏப்ரல் 7 அன்றே அவசரமாகப் புகார் போடுவது. பதினைந்து நாள் முடியாமல் போட்ட புகார் செல்லாது என்று யோகேந்திர பிரதாப் சிங் (2014) சொல்கிறது. இரண்டு, "ஒரு மாதம்" என்பதை முப்பது நாளாக எண்ணுவது. சட்டத்தில் அறிவிப்புக்கு முப்பது நாள், புகாருக்கு ஒரு மாதம், இரண்டும் வேறு. மூன்று, கம்பெனி காசோலையில் இயக்குநரை மட்டும் சேர்த்து கம்பெனியை விட்டுவிடுவது. அனீதா ஹாடா (2012) படித்தவர் இதைச் செய்யமாட்டார். நான்கு, அறிவிப்பில் காசோலைத் தொகையைத் தெளிவாகக் கேட்காமல் வேறு பாக்கிகளோடு கலந்து ஒரே மொத்தமாகக் கேட்பது. எதிராளி அறிவிப்பை வாங்க மறுத்தால் பயப்பட வேண்டியதில்லை, சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்; அலவி ஹாஜி வழக்கு (2007) அதற்கு.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதில் 2014இல் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் தீர்ப்பு காசோலை கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊர் என்றது. 2015 திருத்தம் அதை மாற்றி, கணக்கு வழியாக வசூலுக்குப் போட்டால் பணம் பெறவேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளையின் ஊர் என்றது. 2014 தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டும் விடைத்தாள்கள் இன்றும் வருகின்றன. காசோலை கடனுக்காகவே தரப்பட்டது என்ற 139ஆம் பிரிவின் அனுமானத்துக்கு ரங்கப்பா எதிர் ஸ்ரீ மோகன் (2010), இடைக்கால இழப்பீடு இருபது சதவீதம் வரை என்பதற்கு 143ஏ. இந்த அளவு போதும்.

கடன் கெட்ட பிறகு: சர்ஃபேசி

தவணை மார்ச் 31 அன்று கட்ட வேண்டியது. கட்டவில்லை. அன்றைய கணக்கு முடிப்பிலேயே கடன் நிலுவையாகிறது. தொடர்ந்து கட்டாமல் போனால் ஏப்ரல் 30இல் எஸ்.எம்.ஏ.-1 (தனிக் கவனம் வேண்டிய கணக்கு), மே 30இல் எஸ்.எம்.ஏ.-2, ஜூன் 29இல் வாராக்கடன். தொண்ணூறு நாள் என்று சொல்வது இதைத்தான். வாராக்கடன் ஆகாத கணக்கில், பணத்தைக் கட்டச் சொல்லும் 13(2) அறிவிப்பு அனுப்பினால் அடித்தளமே ஆடும்.

அறிவிப்புக்குப் பின் அறுபது நாள். கடனாளி ஆட்சேபம் எழுப்பினால் 13(3ஏ)இன்படி பதினைந்து நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் 13(4): சொத்தைக் கைப்பற்றுவது. நேரடியாகக் கைப்பற்ற முடியாதபோது 14ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உதவி கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் 17ஆம் பிரிவில் நாற்பத்தைந்து நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கதவில் அறிவிப்பு ஒட்டிய அளவிலேயே போகலாம், ஆளை வெளியேற்றும் வரை காத்திருக்க வேண்டாம் என்கிறது ஹிண்டன் ஃபோர்ஜ் (2018). மேல்முறையீட்டுக்குத்தான் முன்பணம்: ஐம்பது சதவீதம், இருபத்தைந்து வரை குறைக்கலாம். முதல் கட்டத்திலேயே எழுபத்தைந்து சதவீதம் கட்டச் சொன்ன பழைய விதியை மார்டியா கெமிக்கல்ஸ் (2004) நீக்கியது.

மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் எண்: இருபது லட்சம். தீர்ப்பாயத்தில் வங்கி 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி கடன் மீட்பு மனு போடுவதற்கான வரம்பு அது. சர்ஃபேசியில் வங்கிகளுக்கு அந்த வரம்பு இல்லை. 31ஆம் பிரிவின் விலக்குகள்தான் உண்டு. ஒரு லட்சம் வரையிலான கடனுக்கான ஈடு, விவசாய நிலம், அசலும் வட்டியும் சேர்ந்ததில் இருபது சதவீதத்துக்குக் குறைவான பாக்கி. வங்கிசாரா நிறுவனத்துக்கு மட்டும் நூறு கோடி சொத்து, இருபது லட்சமும் அதற்கு மேலுமான கடன் என்ற தனி அளவு வருகிறது. விவசாய நிலம் என்று வருவாய்ப் பதிவேட்டில் இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்ற திசையில் இந்தியன் வங்கி எதிர் பாப்பிரெட்டியார் (2018) தீர்ப்பைப் படியுங்கள்; சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு.

திவால் சட்டத்தை இதே கோப்பின் இறுதியில் வையுங்கள். கடனாளி கம்பெனியாக இருந்து, தவறிய தொகை ஒரு கோடியைத் தொட்டால், வங்கி திவால் மனு போடும் 7ஆம் பிரிவு திறக்கிறது. வசூல் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் 14ஆம் பிரிவின் தடை கம்பெனியின் சொத்தைக் காக்கும், தனிப்பட்ட ஜாமீன்தாரரைக் காக்காது. தீர்வுத் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டாலும் ஜாமீன்தாரர் தானாகத் தப்பமாட்டார் என்று லலித் குமார் ஜெயின் (2021) சொல்லிவிட்டது. இந்தச் சட்டம் அடிக்கடி திருத்தப்படுவதால் பேர் ஆக்டை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வாங்குங்கள். மற்றவற்றுக்கு இந்தியா கோட் இணையதளம் இலவசம்.

தேர்வில் ஒரு சூழ்நிலைக் கேள்வி

கேள்வி இப்படி வரும்: வங்கி கடனாளிக்கு மட்டும் 13(2) அறிவிப்பு அனுப்பியது. ஜாமீன்தாரர் அடமானம் வைத்த வீட்டை இருபது நாள் அவகாசத்தில் ஏலம் அறிவித்தது. விளம்பரம் வந்த பிறகு ஜாமீன்தாரர் முழுப் பணத்தோடு வருகிறார். அவர் உரிமை என்ன?

உடனே "ஏலம் செல்லாது" என்று தொடங்காதீர்கள். முதலில் 2(1)(எஃப்): கடனாளி என்ற வரையறைக்குள் ஜாமீன்தாரரும் அடமானம் வைத்தவரும் வருவார்கள், ஆகவே அவருக்கும் அறிவிப்பு வேண்டும். அடுத்து, இருபது நாள் போதுமா? முதல் ஏலம் என்றால் சர்ஃபேசியின் கீழுள்ள பாதுகாப்பு உரிமை அமலாக்க விதிகளின்படி முப்பது நாள். முன்பு ஏலம் தோற்று மறு ஏலம் என்றால் பதினைந்து நாள் போதும். கேள்வியில் இது சொல்லப்படவில்லை என்றால் இரண்டையும் எழுதுங்கள். பிறகு 13(8): மீட்கும் உரிமை 2016க்கு முன் விற்பனை வரை இருந்தது, திருத்தத்துக்குப் பின் விற்பனை அறிவிப்பு வெளியாகும் நாள் வரைதான் என்று செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் (2023) வாசித்தது. ஆகவே பணத்தோடு வந்தது மட்டும் அவரைக் காப்பாற்றாது. அறிவிப்புக் குறைபாடுதான் அவருடைய உண்மையான ஆயுதம். எந்தத் தேதியில் எந்தச் சட்டம் அமலில் இருந்தது என்று நீங்கள் எழுதுவதைத்தான் திருத்துபவர் தேடுவார். கடைசியாக, அவர் போகவேண்டிய இடம் தீர்ப்பாயம். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதைச் சத்யவதி டாண்டன் (2010) ஊக்குவிப்பதில்லை.

தீர்ப்புகளைச் சேர்ப்பதில் அளவு முக்கியம். பழைய ஆங்கிலேயத் தீர்ப்புகளில் நான்கு போதும்: வங்கி வாடிக்கையாளருக்குக் கடன்பட்டவர் என்ற ஃபோலி எதிர் ஹில் (1848), கேட்டால்தான் தர வேண்டும் என்ற ஜோக்கிம்சன் (1921), இரகசியமும் அதன் நான்கு விலக்குகளும் சொன்ன டூர்னியர் (1924), கணக்கில் வரவைப் பழைய பற்றுக்கு முதலில் கழிக்கும் கிளேட்டன் வழக்கு (1816). இந்தியத் தீர்ப்புகளில் இருபதைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கால் பக்கம்: யார் கேட்டது, எந்தப் பிரிவு, நீதிமன்றம் முடிவு செய்தது என்ன, பிறகு சட்டம் திருத்தப்பட்டதா. 1969இன் பதினான்கு வங்கி அரசுடைமையும் அதைச் செல்லாது என்ற ஆர்.சி. கூப்பர் (1970) தீர்ப்பும் அரசியல் சாசனத் தாளிலும் வரும். ஒரே குறிப்பு இரண்டுக்கும் உதவும்.

வகுப்புக்கு வெளியே

விடுமுறையில் பெரிய சட்ட நிறுவனத்தில் இடம் கிடைக்கவில்லை என்று கவலைப்படுபவர்கள் வங்கியின் பேனல் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மாதம் உட்காரலாம். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல பள்ளி இல்லை. மூலப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுந்திருக்கிறதா, வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ரத்தாகியிருக்கிறதா, பட்டாவும் பத்திரமும் ஒரே சர்வே எண்ணைச் சொல்கின்றனவா, இறந்தவரின் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டார்களா என்று பார்த்து லீகல் ஒப்பினியன் எழுதுவது அவர் வேலை. பத்துக் கோப்பு பார்த்தவருக்கு அடமானச் சட்டம் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணம் மட்டுமே தெரியும்; பதிவாகாத ஒப்படைப்பு அடமானத்தை செர்சாய் என்ற அடமானங்களுக்கான மத்தியப் பதிவேட்டில் தேட வேண்டும்.

கடன் மீட்புத் தீர்ப்பாயங்கள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் உண்டு. சீனியரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் போய் உட்கார்ந்தால், விசாரணையில் அதிகம் பேசப்படுவது அரசியல் சாசனக் கோட்பாடல்ல, அறிவிப்பு அனுப்பிய தபால் ரசீதும் வங்கிக் கணக்கு அறிக்கையின் சான்றிதழும்தான் என்று தெரியும். 1891இன் வங்கியர் கணக்கேடுகள் சாட்சியச் சட்டத்தை அதற்காகத்தான் படிக்கச் சொல்கிறார்கள். கணினிப் பதிவுக்கான சான்றிதழ் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்று பழக்கத்தில் எழுதிவிட வேண்டாம்.

படிப்பு முடிந்து வங்கி வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அதிகாரி தேர்வில் சட்ட அதிகாரி பதவியைக் குறிவைக்கலாம். பட்டம் மட்டும் போதாது, பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்க வேண்டும். வயது இருபது முதல் முப்பது, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இறுதி ஆண்டுத் தேர்வு முடிவு வந்ததும் பதிவுக்கு விண்ணப்பிக்காமல் தள்ளிப்போட்டு, அந்த ஆண்டு அறிவிப்பில் தகுதி இழப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தற்காலிகச் சான்றிதழ் வாங்கிய வாரத்திலேயே பதிவுப் படிவத்தை நிரப்பிவிடுங்கள்.